கொழும்பு வெள்ளவத்தையில ஒரு சாறிக் கடை, அங்க வேலை செய்யிற பிள்ளையளுக்காகவே எழுதுறன்

காலி வீதியில இருக்கிற சின்னக் கடைதான், நாலு பேர் ஒண்டாப் போனா நெரிசல், ஏசியும் சுமார். ஆனா தங்கச்சிட கல்யாணத்துக்குக் கூறையைத் தவிர மற்ற எல்லாச் சாறியும் நாங்க அங்கதான் எடுத்தது. கலெக்‌ஷன் நல்லம், அதைவிட அங்க வேலை செய்யிற ஆக்கள் ஒராளை ஒராள் பாக்கிற விதம் எனக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு.

எங்களுக்குச் சாறி விரிச்சுக் காட்டினது ஒரு சிங்களப் பிள்ளை, வயித்தில பிள்ளை. பக்கத்தில நிண்ட அக்கா அவ கால் மாத்தி மாத்தி நிக்கிறதைக் கண்டிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நங்கி, நீ இருந்து பில் எழுது, மேல் தட்டில இருக்கிறதை நான் எடுக்கிறன்" எண்டு சிங்களத்தில சொன்னா, நங்கி எண்டா தங்கச்சி. கொஞ்ச நேரத்தால திரும்பி வந்து இடுப்பு நோகுதோ எண்டு கேட்டா, ஸ்டூல் சரிவரேல்ல எண்டவுடன கேஷியர் ஐயா தன்ர சாய்வுக் கதிரையைத் தூக்கிக் குடுத்திட்டார். ஜோன் ட்ரொன்டோ எண்ட அமெரிக்க அறிஞர் அக்கறை எண்டா என்னெண்டு எழுதேக்க இதைத்தான் சொல்லுறா: தேவையைக் காணோணும், பொறுப்பெடுக்கோணும், ஒழுங்காச் செய்யோணும், செஞ்சது அந்த ஆளுக்கு உதவிச்சுதோ எண்டும் பாக்கோணும். கனபேர் கடைசியை விட்டிடுவினம்.

இது அவையின்ர நல்ல மனசால மட்டும் நடக்கேல்ல, முதலாளியும் அதுக்கு வழி செஞ்சு வச்சிருக்கிறார். கொமிஷன் ஆளாளுக்குத் தனி இல்லையாம், மாசக் கடைசியில எல்லாருக்கும் சமனாப் பிரிக்கிறதாம், அதால கஸ்டமரைப் பிடிக்கச் சண்டையில்லை, ஒராள் இருந்தா மற்ற ஆளுக்கு நட்டமும் இல்லை. இலங்கையில 1954ம் ஆண்டு வந்த கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 எண்டுதான் இருக்கு, தீபாவளி நேரத்தில அதைப் பாக்கிற கடையள் எத்தினை? இங்க கூட நிண்டா ஓவர்டைம் உண்டு, 100ம் நம்பர் பஸ்ஸில பாணந்துறைப் பக்கம் போற பிள்ளையளை முதல் விட்டிட்டு, கிட்ட இருக்கிறவை கடை பூட்டுகினம்.

குறை எண்டா, புறக்கோட்டையை விட விலை கொஞ்சம் கூட. பிளவுஸும் சொன்ன திகதிக்கு வரேல்ல, தைக்கிற அக்காட மகனுக்குக் காய்ச்சலாம், ஆனா முதல் நாளே கோல் எடுத்துச் சொன்னவை. தையலுக்குக் குடுக்கிறதெண்டா ஒரு மாசம் முந்தியே குடுங்கோ, சனிக்கிழமை பின்னேரம் மட்டும் போகாதேங்கோ.