எழுதிக் கொடுத்த பாதையும் ஆச்சியின் கேள்விகளும்: ஜோர்ஜ் டவுன் நடைச்சுற்றுலா ஒன்றின் மதிப்புரை

பினாங்கு ஜோர்ஜ் டவுனில் ஒருவருக்கு 85 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் வீதி வீதியாக அழைத்துச் செல்லும் நடைச்சுற்றுலாச் சேவை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் பேசும் வழிகாட்டி வேண்டுமென்றால் குழுவுக்கு மேலும் 60 வெள்ளி. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதே வீதிகளில் இதற்கு முன் வேறு இரண்டு நிறுவனங்களோடு நடந்தபோதும் ஏறக்குறைய இதே உரையை, இதே வரிசையில், இதே நகைச்சுவைகளோடு கேட்டிருக்கிறேன் என்பதால், குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

இம்முறை என்னுடன் நடந்தவர், தேவகோட்டையிலிருந்து வந்திருந்த என் தோழியின் தாயார். வயது 72. செட்டியார் வழக்கப்படி அவரை ஆச்சி என்றே அழைப்போம். ஆச்சியின் பாட்டனார் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்பி, பிறகும் இருமுறை போய் வந்தவர். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகுதான் ஆச்சிக்கு இந்தப் பயணத்தில் துணிவு பிறந்தது. கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயிலேறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. விமானத்தில் போயிருக்கலாம்; ஆனால், பாட்டனார் தண்ணீரின் மேலிருந்து பார்த்த கரையைத் தாமும் அப்படியே பார்க்க வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். சிறிது நேரக் கடல்தான். கடல் கடல்தானே.

காலை 8.30 மணிக்கு விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டின் அடியில் சுற்றுலா தொடங்கியது. வழிகாட்டி பினாங்கிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம் இளைஞர். நேரம் தவறாதவர், பணிவானவர், ஆச்சியின் பையைக் கேட்காமலே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டவர். மணிக்கூண்டின் உயரம் 60 அடி, மகாராணி அரியணையில் நிறைவு செய்த ஆண்டுகளும் 60 என்று தொடங்கி, அடுத்திருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துப் போனார். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியதையும், காட்டை விரைவாக வெட்ட வைப்பதற்காக அவர் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டு மரங்களுக்கிடையே சுட்டார் என்னும் பழைய கதையையும் கை கால்களை அசைத்து நடித்தே காட்டினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரையைத் தமிழாக்கி மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது கேட்டவுடன் தெரிந்தது. 'இந்த அழகிய வரலாற்றுச் சின்னம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எந்தத் தமிழரும் தாமாகப் பேசமாட்டார்.

ஆச்சி கோட்டைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன மருது மகனைக் கப்பலேத்திக் கொண்டாந்து விட்ட தீவு இதுதானே தம்பி?" என்று கேட்டார். இளைஞர் விழித்தார். சிவகங்கைச் சீமையில் வளர்ந்த ஆச்சிக்கு அது வீட்டுக் கதை. 1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைக் கம்பெனியார் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி, அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று அவர்கள் அழைத்த இந்தப் பினாங்குக்கு நாடுகடத்தினர். நாங்கள் தொட்டுக்கொண்டு நின்ற கோட்டையையும் 1804இல் செங்கல்லும் கல்லும் கொண்டு திரும்பக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகளே. இரண்டு செய்திகளுக்கும் இடையே இரண்டே ஆண்டு. பீரங்கிக் காசுக் கதைக்கு ஏழு நிமிடம் ஒதுக்கிய உரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோலாலம்பூரிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயணக் குறிப்புகள் எழுதி வரும் நானும், தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களின் கையேடுகளைப் பார்த்து எழுதியவள்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிப் பூக்கடைகளை 'மல்லிகை மணம் மிதக்கும் மாயத் தெரு' என்று வருணித்திருந்ததைப் படித்த என் அம்மா, "நாம கடன் சொல்லிப் பூ வாங்குற கடையைப் பத்தியா இது?" என்று கேட்டார். அன்று கூசியது இன்றும் நினைவிருக்கிறது. சொந்தத் தெருவையே அந்நியர் கண்ணால் பார்த்து எழுதிவிட்டு, அதைப் பயண இலக்கியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வெளியூர் போய் வந்தவரிடம் நம் வீடுகளில் கேட்கும் கேள்விகள் வேறு: அங்கே நம்மவர் யார் இருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து போனார்கள், என்ன வேலைக்குப் போனார்கள், வெள்ளிக்கிழமை சாப்பிட என்ன கிடைக்கும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. இந்தச் சேவையையும் அந்தக் கேள்விகளை வைத்தே அளக்கிறேன்.

1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கடந்து, 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயிலுக்கு வந்தோம். உரையின்படி அங்கு எட்டு நிமிடம். அதுவும் வாசலில் நின்று கோபுரத்தைப் படமெடுப்பதற்கு. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்க்காமல் வெளியே காத்திருந்தது அவருடைய நல்ல குணம். திட்டத்தில் அதற்கு இடமில்லை. அடுத்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தோன்றியது, அதாவது அங்கே மருதுவைத் தூக்கிலிட்ட அதே ஆண்டு இங்கே தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குத் தொழுமிடம் அமைந்திருக்கிறது. "கெலிங் என்றால் இந்தியர் என்று பொருள்" என்று உரை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் ஒரு காலத்தில் வெறும் அடையாளமாக இருந்து, பின்னர் பள்ளிக்கூடத்துத் திடலில் எங்கள்மேல் எறியப்படும் வசைச் சொல்லாக மாறியதை மலேசியத் தமிழர் எவரும் அறிவர். இளைஞரும் அறிவார், அந்த வாக்கியத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரையப்பட்ட சுவரோவியங்களுக்கு நாற்பது நிமிடம். மிதிவண்டியோடு படமெடுக்க வரிசையில் நிற்கும் நேரமும் அதில் அடக்கம். வெயில் ஏறிவிட்டது, உட்கார இடமில்லை. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் நாகூர் தர்காவை உரை 'பழைமையான பள்ளிவாசல்' என்றது. "பள்ளிவாசல் இல்லப்பா, தர்கா. எங்க ஆண்டவரு நாகூர்ல அடங்கியிருக்காரு. இது அவரு பேருல இங்க வச்ச இடம்," என்று கந்தூரிக்குப் பலமுறை போய் வந்த ஆச்சி திருத்தினார். இளைஞர் சிரித்துவிட்டு, "எங்க உம்மாவும் இதையேதான் சொல்லும் ஆச்சி. பேப்பர்ல இப்படித்தான் இருக்கு," என்றார். காலையில் 'பாட்டி' என்றவர் அதற்குள் 'ஆச்சி'க்கு மாறியிருந்தார். தம் தாய்க்குத் தெரிந்ததைவிடத் தாளில் இருப்பதை ஒருவர் கூலிக்கு ஒப்பிக்க வேண்டியிருப்பதுதான் இந்தச் சேவையின் பெரிய பலவீனம்.

சாப்பாட்டில் நிறுவனம் தோற்றது என்றே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை, ஒருவருக்குச் சைவம் என்று பதிவுசெய்யும்போதே எழுதியிருந்தேன். சரி என்று பதிலும் வந்தது. ஆனால், உரையில் இருந்த மூன்று சுவைநிறுத்தங்களில் ஆசாம் லக்சாவின் சாறே மீன், ரோஜாக்கின் குழம்பில் பெலாச்சான் என்னும் இறால் விழுது, சார் குவே தியோவில் இறால். இறாலை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நம் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வழிகாட்டி தாமாகவே பாதையை மாற்றி, ஆச்சிக்கு ஒரு கிண்ணம் செண்டோலும், பிறகு ஜாதிக்காய்ச் சாறும் வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் கலந்த செண்டோலை ஆச்சி 'பாயசத்தை ஐஸில் போட்டிருக்கிறான்' என்று ஏற்றுக்கொண்டார். ஜாதிக்காய்தான் அவரை நிறுத்திவிட்டது. பச்சைக் குழந்தைக்கு உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் அந்தக் காய்ந்த கொட்டையைச் சுற்றி இவ்வளவு சதை இருக்கும் என்பதை எழுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்ட வியப்பு அவருக்கு. கம்பெனிக் காலத்தில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் இங்கே சாறாகவும் ஊறுகாயாகவும் மாறியிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் ஏறிய ஜாதிக்காய்ப் பொட்டலங்கள் நான்கை ஆச்சி வாங்கினார். இரண்டு மருமகளுக்கு, இரண்டு தமக்கு.

கடைத்தெருவுக்கு வந்தபோது நேரம் பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. கணக்குப்படி சுற்றுலா முடிந்துவிட்டது. மார்க்கெட் தெரு என்று பலகையில் இருந்தாலும் தமிழர் வாயில் அது கடைத்தெருதான். உரையில் இதற்கு 'வண்ணமயமான லிட்டில் இந்தியா' என்ற வரியும், சேலைக் கடையொன்றில் பத்து நிமிடமும் இருந்தன. இளைஞர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "வாங்க ஆச்சி, பினாங்கு தெருவைப் பார்ப்போம்," என்றார். பிறகு வந்த முப்பது நிமிடத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். செட்டியார் கிட்டங்கிகள், அதாவது பலர் சேர்ந்து தொழில் நடத்திய கூடங்கள், இருந்த வரிசையைக் காட்டினார். ஒரே கூடத்தில் பல மார்க்காவின் (தொழில் நிறுவனங்களின்) பெட்டிகள் வரிசையாக இருக்கும் என்றும், ஆளுக்கொரு பெட்டியடிதான் கடை, கணக்கு, படுக்கை எல்லாம் என்றும் ஆச்சி சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டார். அவர் பதிலுக்குச் சொன்னது வேறு: தைப்பூசத்துக்கு முந்தைய நாள் இத்தெருவிலுள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது, வழியில் சீனர்களும் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள் என்றும், பிள்ளை வயதில் ரதத்தைப் பார்க்கத் தம் வாப்பா தோளில் ஏறி நின்றதாகவும். கோயில் வீட்டு வாசலில் ஆச்சி வெகுநேரம் நின்றார். பாட்டனார் எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று கேட்கவில்லை. தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்துக்குத் தகுந்த சேவையா என்றால், உரைக்கு இல்லை, வழிகாட்டிக்கு ஆம். தமிழ் வழிகாட்டிக்குத் தனியாக 60 வெள்ளி வாங்கும் நிறுவனம், தமிழில் ஓர் உரையை எழுதி வாங்கவும் அதில் கொஞ்சம் செலவழிக்கலாம். முதியவர்களோடு போகிறவர்கள் ஆர்மேனியன் தெருவை முன்கூட்டியே நீக்கச் சொல்லுங்கள், அந்த நாற்பது நிமிடம் கடைத்தெருவுக்குப் போதுமானது. வழியில் நல்ல கழிப்பறை ஒன்றே. தண்ணீர்க் குழாய் இருந்தது, வேலையும் செய்தது. சைவம் என்று மட்டும் எழுதாதீர்கள், மீன், இறால், பெலாச்சான் எதுவும் கூடாது என்று பிரித்து எழுதுங்கள். கோயிலுக்குள் போவதாக இருந்தால் நேரத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

இரண்டு நாள் கழித்து இளைஞரிடமிருந்து எனக்குக் குரல்செய்தி வந்தது. "ஆச்சிக்கிட்ட சொல்லுங்கக்கா, இன்னிக்குக் கோட்டையில துரைச்சாமி கதையைச் சொன்னேன். மதுரையிலேர்ந்து ஒரு குடும்பம். பீரங்கிக் கதைக்கு நேரமில்லாமப் போச்சு."