லண்டனில் நடிப்பு வாய்ப்புத் தேடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள், எனக்கு 1,850 பவுண்டு போய்விட்டது

நடிகர்களுக்கு வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு லண்டன் ஏஜென்சியிடம் 1,850 பவுண்டைப் பறிகொடுத்திருக்கிறேன். பணம் திரும்பாது என்று நேற்றுதான் தெரிந்தது, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சென்னையில் பல வருடம் மேடை நாடகம் செய்துவிட்டு இங்கே வந்தவள் நான். போன ஆடிஷனில் எல்லாம் உச்சரிப்பை மாற்றச் சொன்னார்கள். இந்த ஏஜென்சி ஆள் மட்டும் என் ஆங்கில வசனத்தைப் பாதியில் நிறுத்தி, "உங்கள் மொழியிலேயே பேசுங்கள்" என்றார். தமிழில் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை, அப்புறம் "இந்தக் குரலை யாருக்காகவும் மாற்றாதீர்கள்" என்றார். அங்கேதான் நம்பிவிட்டேன். கனடாவின் மைத்ரேயி ராமகிருஷ்ணன் 15,000 பேரில் ஒருவராகத் தேர்வாகி நெட்ஃப்ளிக்ஸ் தொடரில் நாயகி ஆனதைச் சொல்லி, அடுத்தது நீங்கள்தான் என்றார். அந்தப் பெண் வீடியோ அனுப்பியது பொது அழைப்புக்கு, யாருக்கும் பணம் கட்டி அல்ல. அதைச் சொல்வாரா?

ஷோரீல் (நம் நடிப்பைக் காட்டும் சின்ன வீடியோ), புகைப்படம், பதிவு எல்லாம் சேர்த்து 1,850 பவுண்டு, அதுவும் அன்றைக்கே வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றார். போட்டேன். வந்த ஷோரீலில் என் பெயரே தப்பு, பாதி வசனம் கேட்கவில்லை. போன் செய்தால் எடிட்டர் லீவு, அடுத்த முறை காஸ்டிங் டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு அந்த ஆளே வேலையை விட்டுப் போய்விட்டாராம். கடைசியில், நாங்கள் ஏஜென்சியே இல்லை, வீடியோ எடுத்துத் தரும் நிறுவனம், ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்று ஒரு மெயில். வங்கியோ இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்று கைகழுவிவிட்டது. ஒரு வேடம்கூட இல்லாமல் 1,850 பவுண்டு! வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் அது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. உண்மையான ஏஜென்ட் வேலை கிடைத்த பிறகுதான் சம்பளத்தில் கமிஷன் எடுப்பார். இணையதளத்தில் உங்கள் விவரம் போடக் கட்டணம் கேட்டாலும், நடிகர் என்றால் 30 நாள் பொறுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அன்றைக்கே கட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் போனால் கார்டு நிறுவனத்திடமும் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தில் விசாரியுங்கள்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதை எனக்கு அனுப்புங்கள், சேர்த்துப் புகார் கொடுக்கப் போகிறேன்.