பெர்சிஸ்டன்ட் கனெக்‌ஷனோடு நாலு வருஷம்

புதுச்சேரியில் மூணு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் தளம் எழுதிக் கொடுத்துப் பராமரிக்கிறேன். எழுதியது பிஎச்பியில், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், இரண்டையும் இணைப்பது பிடிஓ என்ற நீட்டிப்பு. டேட்டாபேஸ் வேறொரு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதோடு புதுசாகத் தொடர்பு ஏற்படுத்தி, டிசிபி, டிஎல்எஸ், லாகின் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பது வீண் என்று பட்டது. ஒரு தடவை திறந்த தொடர்பை மூடாமல் அடுத்த பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளும் பெர்சிஸ்டன்ட் ஆப்ஷனை ட்ரூ ஆக்கினேன். ரூம் பட்டியல் சட்டென்று வந்தது. ஒரு மாசம் நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முதல் அடி கணக்கில் விழுந்தது. பலரும் இதை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கனெக்‌ஷன் பூல் என்று நினைக்கிறார்கள், நானும்தான். உண்மையில் பிஎச்பி பக்கங்களை ஓட்டும் ஒவ்வொரு எஃப்பிஎம் புராசஸும் தனக்கென்று ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. லாட்ஜுக்கு 60 வீதம் மூணு தளத்துக்கு 180 புராசஸ். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் தொடர்புகளுக்கு மைஎஸ்க்யூஎல் தானாக வைத்திருக்கும் உச்சவரம்போ 151. திறந்திருக்கும் தொடர்புகளைக் காட்டும் பிராசஸ்லிஸ்ட்டைப் பார்த்தால் வரிசையாக ஸ்லீப், ஸ்லீப், ஸ்லீப். சும்மா கிடப்பதை 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், அது விட்டுவைக்கும். அந்த நேரத்தை வைக்கும் வெயிட் டைம்அவுட்டை 300 விநாடி ஆக்கி, புராசஸ் எண்ணிக்கையையும் குறைத்தேன். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஈசிஆரில் சென்னை வண்டிகள் வந்து இறங்கும் நேரம். மேனேஜர் போன்: "என்னாண்ணா, புக்கிங் சுத்திக்கிட்டே இருக்குது. பார்ட்டி வாசல்ல நிக்கிறாங்க."

புக்கிங் ஸ்கிரிப்டில், வேறு யாரும் டேபிளைத் தொடாதபடி பூட்டும் லாக் டேபிள்ஸ் போட்டிருந்தேன். நடுவில் பேமென்ட் பதிலுக்குக் காத்திருந்து ஸ்கிரிப்ட் செத்துவிட்டது. சாதாரண கனெக்‌ஷன் என்றால் அதோடு பூட்டும் போயிருக்கும். இங்கே கனெக்‌ஷன் உயிரோடு இருந்தது, பூட்டும் இருந்தது. எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்ததும்தான் விட்டது. (பூட்டைப் போட்டுவிட்டு பேமென்டுக்குக் காத்திருந்தது என் முட்டாள்தனம், அது தனி.)

தொடர்பு மூடினால் தானாக அழியும் டெம்பரரி டேபிளும் இதே கதைதான். "டேபிள் ஏற்கெனவே இருக்கிறது" என்ற 1050 பிழை எப்போதாவது வரும், ரீஃப்ரெஷ் செய்தால் போய்விடும். மறுபடி அதே புராசஸில் போய் விழுந்தால்தானே தெரியும்! முந்தின ஆள் சாப்பிட்ட இலையை எடுக்காமலே அடுத்த ஆளை உட்காரவைத்த மாதிரி. பிடிஓவில் பிகின் டிரான்சாக்‌ஷன் மூலம் திறந்ததை மட்டும் அது ரோல்பேக் செய்து, பழைய நிலைக்குத் திருப்பிவிடும். பூட்டு, டெம்பரரி டேபிள், செஷன் வேரியபிள் எல்லாம் அப்படியே கிடக்கும். இந்த விஷயத்தில் பிஎச்பியின் இன்னொரு நீட்டிப்பான மைஎஸ்க்யூஎல்ஐ தேவலை, ஹோஸ்ட் பெயருக்கு முன்னால் 'p:' போட்டு வாங்கும் கனெக்‌ஷனை மறுபடி தரும்முன் துடைத்துவிட்டுத்தான் தருகிறது.

இப்போது ரூம் காலியா என்று பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் பெர்சிஸ்டன்ட். பணம் தொடும் ஸ்கிரிப்டுகளுக்குப் பழையபடி புதுக் கனெக்‌ஷன். கடலூரில் ஒரு கடைக்குச் செய்து கொடுத்ததில் டேட்டாபேஸும் தளமும் ஒரே சர்வர்; அங்கே போட்டுப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை, எடுத்துவிட்டேன்.