சேலத்தில் ஒரு வாதநோய் மருத்துவமனை: எட்டு மாத அனுபவம்

ஆறு ஆண்டுகளாக 'ஜவ்வு விலகல்' என்ற பெயரில் பெல்ட்டும் படுக்கை ஓய்வுமாகக் காலம் தள்ளிவிட்டு, எனது 31ஆம் வயதில்தான் ஏற்காட்டிலிருந்து இறங்கி இந்த மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் என் பழைய படங்களைப் பிரிக்கும் முன்பே கேள்விகளைத் தொடங்கினார்: வலி பின்னிரவில் எழுப்பிவிடுகிறதா, காலையில் முதுகு இளக எவ்வளவு நேரமாகிறது, கண் எப்போதாவது சிவந்து வலித்ததா? காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்கும் நாளில் வலி குறைந்து, ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தால் கூடுகிறது என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அதைக் குறித்துக்கொண்டவர் இவர் ஒருவரே.

பிறகு இடுப்பில் பேனாவால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, குனியச் சொல்லி, தையல்காரர் டேப்பால் அளந்தார். 15 செ.மீ. வரை விரிய வேண்டியது 12-இல் நின்றுவிட்டது. முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. கீழ்முதுகோடு முடிந்திருந்ததால், முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளைத் தனியாக எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் தெரியப் பல ஆண்டுகள் ஆகக்கூடிய அழற்சி அதில் தெளிவாகத் தெரிந்தது. இந்நோயோடு தொடர்புள்ள மரபணுக் குறியைத் தேடும் எச்.எல்.ஏ.-பி27 இரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ்தான். ஆனால் அது பாசிட்டிவாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். நோயின் பெயர் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் நாள்பட்ட அழற்சி.

முதலில் வலியையும் அழற்சியையும் குறைக்கும் நேப்ராக்சன் மாத்திரையும் தினசரி உடற்பயிற்சியும். அவை போதாதபோது, காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமியும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணித்து அழற்சியைக் குறைக்கும் 40 மி.கி. அடாலிமுமாப் ஊசியைத் தொடங்கினார். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய அந்த ஊசியை ஐஸ் பெட்டியில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் பிடித்தபடி பேருந்தில் கொண்டுபோகிறேன். போட்டுக்கொள்ளும் முறையைச் செவிலியர் இரண்டு முறை செய்துகாட்டினார். இப்போது காலை இறுக்கம் பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. டோக்கன் வாங்கிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். 'ஒரே இடத்தில் உட்காராதீர்கள்' என்று அறிவுரை சொல்லும் இடத்தில், எழுந்து நான்கு அடி நடந்தால் நாற்காலி பறிபோய்விடுகிறது. கட்டணச் சீட்டில் பரிசோதனைகளைப் பிரித்துக் காட்டுவதில்லை; கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே தொலைபேசியில் பெயர் பதிந்துவிடுவது நல்லது. காலை டோக்கன் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.