பெட்டியில் வந்த நங்கூரம்: இரண்டு வருஷம் கடலில் போட்ட பிறகு

18 அடி ஃபைபர் படகு, பெரும்பாலும் தூண்டில் தொழில். பழைய நங்கூரத்தின் ஒரு கை பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) மாட்டி முறிந்துபோனதும், எல்லாமே ஒரே பெட்டியில் வரும் செட்டு ஒன்று வாங்கினேன். மடக்கும் நான்கு கை நங்கூரம் 6 கிலோ, 8 மில்லிமீட்டர் சங்கிலி 5 மீட்டர், 12 மில்லிமீட்டர் மூன்று பிரி நைலான் கயிறு 50 மீட்டர், இரண்டு ஷாக்கிள் (திருகு முள் போட்டு மூடும் இணைப்பு வளையம்), ஒரு சுழலி (கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுழன்று கொடுப்பது). கம்பெனிப் பெயர் வேண்டாம்.

பெட்டியின் மேல் '30 மீட்டர் ஆழம் வரை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். என் முதல் மனக்குறையே இதுதான். 30 மீட்டர் ஆழத்தில் 55 மீட்டர் கயிறும் சங்கிலியும் எதற்குக் காணும்? இரண்டு மடங்குகூட இல்லை. அப்படிப் போட்டால் கயிறு மேல்நோக்கி இழுத்து நங்கூரத்தைத் தூக்குமே தவிர, தரையோடு இழுக்காது. கயிறும் சங்கிலியும் கலந்து போடுகிற படகுக்கு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், காற்று எழும்பினால் ஏழு. ஆழத்தையும் தண்ணீர் மட்டத்திலிருந்து கணக்கிடக்கூடாது, கயிறு இறங்குகிற அணியத்தின் (படகின் முன்முனை) விளிம்பிலிருந்து கணக்கிடவேண்டும். கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயரும் நேரமானால் அதையும் சேர்க்க வேண்டும். என் அணியம் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர். ஆக, இந்த செட்டு 10 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். அதற்கு மேல் போகிறவர்கள் கயிறு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி. 8 மீட்டர் ஆழம், மணல் தரை, கயிறு முழுக்க விட்டிருந்தோம். மாமா பின்னால் படுத்திருந்தார், நான் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் இரண்டு விளக்கை நேராக வைத்துப் பார்ப்பது மாமாவின் பழக்கம். எழுந்து உட்கார்ந்தவர் சொன்னார், "மாப்ளே, விளக்கு ரெண்டும் பிரிஞ்சு போச்சு. இழுத்துட்டுப் போகுது பாரு." கயிற்றில் கை வைத்தேன். நன்றாகப் பிடித்த நங்கூரமானால் கயிறு இறுகித் தளரும், அவ்வளவுதான். இதுவோ மாட்டுவண்டி கல் பாதையில் போவது மாதிரி கடகடவென்று அதிர்ந்தது.

தூக்கிப் பார்த்தால் இரண்டு கோளாறு. கைகளை விரித்துப் பிடிக்கும் வளையம் மேலே நழுவி, நான்கு கையும் குடை மாதிரி மடங்கியிருந்தது. இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது. சங்கிலியையும் நங்கூரத்தையும் சேர்க்கும் ஷாக்கிளின் முள் பாதிக்கு மேல் மரை கழன்று நின்றது. இன்னும் நாலு சுற்று போயிருந்தால் வெறும் சங்கிலிதான் மேலே வந்திருக்கும்.

வளையம் நழுவியது வடிவத்தோடு பிறந்த குறை. இடுக்கில் மணல் புகுந்தால் அது சரியாக உட்காராது. இப்போது ஒவ்வொரு தடவையும் இறக்குவதற்கு முன் வளையத்தைத் தட்டி, திருகி, கையால் இழுத்துப் பார்க்கிறேன். ஷாக்கிள் முள் கழன்றதற்குக் காரணம் நான்தான், கொஞ்சம் அவர்களும்தான். இந்த மாதிரி ஷாக்கிளில் பெரும்பாலும் முள்ளின் தலையில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் கம்பி கோத்து ஷாக்கிளின் உடம்போடு இரண்டு சுற்று கட்டி முறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் கழலத்தான் செய்யும். எனக்குத் தெரிந்த விஷயம், புதுச் சாமான்தானே என்று விட்டுவிட்டேன். பெட்டியிலும் கம்பி இல்லை, ஒரு வரி எழுதியும் வைக்கவில்லை.

ஷாக்கிளில் இன்னொரு தப்பும் உண்டு. சங்கிலி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), ஷாக்கிளோ பளபளவென்று எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒட்டி இருந்தால் துத்தநாகப் பூச்சுதான் முதலில் கரையும். எட்டாவது மாதம் பார்த்தபோது ஷாக்கிளைத் தொட்டுக்கொண்டிருந்த கண்ணியில் முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, அதற்குக் கீழே செந்துரு. அடுத்த கண்ணி பரவாயில்லை, மூன்றாவது கண்ணி புதுசு மாதிரி. வெர்னியர் வைத்து அளந்தேன். 8 மில்லிமீட்டர் கம்பி, உரசும் இடத்தில் 7க்கு வந்திருந்தது. பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே சங்கிலியைக் கழிக்க வேண்டும் என்பது கணக்கு. கெட்டது முனையில் மட்டும் என்பதால் இரண்டு கண்ணியை அறுத்து எறிந்துவிட்டு, ஜி.ஐ. ஷாக்கிள் போட்டேன். சுழலியைக் கழற்றியே வைத்துவிட்டேன். இந்த அளவு படகுக்கு அது இல்லாமலே ஓடும், உடைவதற்கு ஒரு இடம் குறையும்.

குறையே பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சங்கிலி உண்மையிலேயே நல்ல சரக்கு. சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, மங்கலான சாம்பல் நிறம், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. மின்முலாம் பூசிய சங்கிலி கடையில் கண்ணாடி மாதிரி மின்னும், கடலில் சீக்கிரம் துரு ஏறும். கயிற்றின் முனையில் உலோக வளையம் வைத்து ஒழுங்காகப் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள், முடிச்சு இல்லை. முடிச்சு போட்டால் கயிற்றின் பலத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும், பின்னலில் அவ்வளவு போகாது. நைலான் என்பதும் சரியான தேர்வு. அலை இழுக்கும்போது நீண்டு கொடுக்கும், தண்ணீரில் முழுகும். மிதக்கிற பிளாஸ்டிக் கயிறானால் ஒருநாள் புரொப்பல்லரில்தான் சுற்றும்.

பாரில் இந்த நங்கூரம் நன்றாகப் பிடிக்கிறது, பிடித்தால் விடுவதும் இல்லை. ஒருமுறை அப்படிச் சிக்கியபோது, மாமா கயிற்றைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டி எஞ்சினால் இழுக்கலாம் என்றார். "வேண்டாம் மாமா, தண்ணி உள்ளே ஏறிடும்" என்று தடுத்துவிட்டேன். எஞ்சின் பாரத்தில் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே கயிறு இறுகினால் அடுத்த அலை உள்ளேதான் வரும். நங்கூரக் கயிறு எப்போதும் அணியத்தில்தான். மாமா முறைத்தார், ஆனாலும் கயிற்றைக் கொடுத்துவிட்டார். அணியத்தில் கட்டி, நங்கூரத்தைத் தாண்டி மெதுவாக முன்னால் ஓட்டியதும் கழன்றது.

அதற்குப் பிறகு சங்கிலியை நங்கூரத்தின் அடிவளையத்தில் மாட்டி, தண்டோடு கொண்டுவந்து மேல்வளையத்தில் சணல் நூலால் கட்டிவைத்தேன். சிக்கினால் நூல் அறும், இழுப்பு அடிப்பக்கம் மாறி கை கழன்று வரும். நங்கூரத்தின் இரண்டு முனையிலும் வளையம் வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். ஆனால் ராத்திரி படுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த நூல் வேலை வேண்டாம், காற்று திரும்பினாலும் அது அறுந்துவிடும். மேல்வளையத்திலேயே மாட்டிவிட்டு, அடிவளையத்தில் தனிக்கயிறு கட்டி மிதவை விடுங்கள்.

சேற்றுத் தரையில் மட்டும் இந்த செட்டை நம்பாதீர்கள். நான்கு கையும் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி கிழித்துக்கொண்டு வரும். மணலிலும் சுமார்தான். அங்கெல்லாம் அகலத் தகடு வைத்த நங்கூரம் வேண்டும்.

கயிறு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், அது உங்கள் கையில். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துச் சுருட்டுகிறேன். பிரியைக் கொஞ்சம் முறுக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்புப் பொடி தெரியும், அதுதான் நாரை அறுப்பது. அணியத்தின் விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கிழித்துச் செருகியிருக்கிறேன். ஒன்றரை வருஷத்தில் அந்த இடம் பஞ்சு மாதிரி ஆனதால், கயிற்றின் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றி, புதுமுனையில் மறுபடி பின்னிக்கொண்டேன். படகுப் பக்கத்து முனையை அணியத்துக்குக் கீழே வளையத்தில் கட்டிவிட்டு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கத்தி. கயிறு ஓடும்போது சுருளுக்குள் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை மாமாவின் இடது கணுக்காலில் இருக்கும் தழும்பு தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது.

பெட்டியைத் தூக்கி எறியப் போனேன், மாமா விடவில்லை. நல்ல கனமான அட்டையாம். அதில்தான் இப்போது ஈயக்குண்டு போட்டு வைத்திருக்கிறார், '30 மீட்டர் ஆழம் வரை' என்ற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.