பாலிஹவுஸ் ஃபாகர்: சில கோடைகளுக்குப் பிறகு

ஓசூருக்கு அருகே தளிப் பக்கம் அரை ஏக்கரில் பாலிஹவுஸ் என்ற பாலித்தீன் குடில் போடவிருக்கும் நண்பர் ஒருவர், மதிப்பீட்டுத் தாளில், மேலே தொங்கும் நாசில்கள் வழியே நீரைப் பனிபோலத் தெளித்துக் குடிலைக் குளிர்விக்கும் ‘ஃபாகர் அமைப்பு’ என்று தனியாக ஒரு வரி இருப்பதைச் சொல்லி, அது அவசியமா என்று கேட்டார். நான் தொலைபேசியில் சொன்ன பதில் பாதி புகழ்ச்சியும் பாதி திட்டுமாக முடிந்ததால், அவர் முன்பைவிடக் குழம்பிப்போனார். ஓசூர் வட்டாரத்தில் வண்ணக் குடைமிளகாய் சாகுபடி செய்பவன் என்ற முறையில், அந்தக் கருவியோடு சில ஆண்டுகள் குடித்தனம் நடத்திய அனுபவத்தை நிதானமாக எழுத முயல்கிறேன். இயற்கைக் காற்றோட்டக் குடில், 200 மைக்ரான் பாலித்தீன் தாள், 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை, உள்ளே இழுத்து மூடும் நிழல்வலை என்று என்னுடையதும் வழக்கமான அமைப்புதான் என்பதால், அவற்றை விவரிக்கப் போவதில்லை.

முதலில் ஃபாகருக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே காற்று வறண்டிருக்கும். வெளியே 35 டிகிரி என்றால் தாளுக்குக் கீழே அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அந்த வெப்பத்தில் குடைமிளகாய் பூவைத் தாங்காது. காம்பு மஞ்சளித்து, தொட்டால் உதிரும் நிலையில் நிற்கும். நண்பகலில் ஃபாகரை ஒரு நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டினால், செடி மட்டத்தில் வெப்பம் நான்கைந்து டிகிரி இறங்குவதை வெப்பமானியிலேயே காணலாம். கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. ஒரு லிட்டர் நீர் முழுதாக ஆவியாகும்போது, ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 28 லிட்டர் தரும் நான்குவாய் ஃபாகர்கள் அரை ஏக்கரில் 200 இருப்பதாகக் கொண்டால், ஒரு நிமிடத்தில் 93 லிட்டர் வெளிப்படும். அத்தனையும் ஆவியானால், உச்சி வெயில் அந்தக் குடிலுக்குள் இரண்டு மூன்று நிமிடங்களில் கொட்டும் வெப்பத்தை அந்த ஒரு நிமிடம் ஈடுசெய்துவிடும். ‘அத்தனையும் ஆவியானால்’ என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செடியைப் பொறுத்தவரை வெப்பத்தைத் தனியாகவும் ஈரப்பதத்தைத் தனியாகவும் பார்ப்பதில் பயனில்லை. காற்று இலையிலிருந்து எவ்வளவு வலுவாக நீரை உறிஞ்சுகிறது என்பதைக் காட்டும் வி.பி.டி. (நீராவி அழுத்தப் பற்றாக்குறை) அளவுதான் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. 35 டிகிரியும் 40 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது 3.4 கிலோபாஸ்கல் அளவுக்குப் போகிறது. வேர் எவ்வளவு நீர் அனுப்பினாலும் இலைக்குப் போதாமல், அது துளைகளை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடும். 30 டிகிரிக்கும் 65 விழுக்காட்டுக்கும் கொண்டுவந்தால் 1.5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. செடி வேலை செய்கிறது. கோடை மதியத்தில் ஃபாகர் செய்யும் இந்த வேலையை எங்கள் குடிலில் வேறெதுவும் செய்வதில்லை. நிழல்வலை வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைப்பதோடு, இழுத்து மூடியிருக்கும்போது மேலே ஏறவேண்டிய சூடான காற்றையும் தடுக்கிறது.

இந்தப் புகழ்ச்சி எங்கள் மேட்டுநிலத்து வறண்ட காற்றுக்கு மட்டுமே பொருந்தும். கடலோரத்தில் 36 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நாளில், எவ்வளவு நீரைத் தெளித்தாலும் காற்று 31 டிகிரிக்குக் கீழே இறங்காது. இயற்பியல் அதற்குமேல் இடம் தராது. இங்கேயும், குளிர்ந்த காற்று வெளியே போய்விடும் என்று பக்கத் திரைகளை மூடிவிட்டு ஃபாகர் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரக்காற்று வெளியேறி வறண்ட காற்று உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் அடுத்த துளி ஆவியாகும். மூடிய குடிலில் சற்று நேரத்தில் அது வெறும் தூறலாகிவிடும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். துளி காற்றிலேயே ஆவியானாலும் அதிலிருந்த சுண்ணாம்பு ஆவியாவதில்லை. அது நாசில் வாயிலும், இலையிலும், பழத்தின் மீதும் படிகிறது. நன்கு பழுத்த சிவப்புக் குடைமிளகாயின் தோள்பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிந்திருந்தால் பெங்களூரு வியாபாரி அதை இரண்டாம் தரத்தில் தள்ளிவிடுவார். ஈரத்துணியால் ஒவ்வொரு பழமாகத் துடைக்கும் கூலியை எந்த மதிப்பீட்டுத் தாளும் காட்டுவதில்லை. நாசிலைக் கழற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளையைச் சுற்றிச் சாம்பல்வெள்ளையில் ஒரு வளையம் கெட்டித்திருக்கும். நான்கு வாய்களில் ஒன்று பாதி அடைத்துக்கொண்டால் அது பனியாகத் தெளிக்காமல் ஒரு பக்கமாகக் கோடாகப் பீய்ச்சும். அந்தக் கோடு விழும் இடத்திலுள்ள ஒரே செடி நாள்தோறும் நனையும். அதன் கிளைக்கவட்டில் நீர் தேங்கும். சில வாரங்களில் அங்கேயிருந்துதான் சாம்பல் பூசணம் புறப்படும். எந்தச் செடியில் நோய் தொடங்குகிறதோ, அதற்கு நேர்மேலே அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி தொங்கிக்கொண்டிருப்பார். எலுமிச்சை உப்புக் கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்தால் நாசில் சுத்தமாகிறது. ஊசியால் குத்தினால் துளை அகன்று துளி பெரிதாகிவிடும்.

இரண்டாவது தொல்லை சொட்டு. மோட்டார் நின்றதும் குழாயில் மிச்சமிருக்கும் நீர் சொட்டாமலிருக்க ஒவ்வொரு ஃபாகருக்கும் மேலே எல்.பி.டி. என்ற சிறிய வால்வு உண்டு. அதனுள்ளே இருக்கும் டயஃப்ராம் என்ற ரப்பர் சவ்வு, குடிலின் மிகச் சூடான இடத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே வாழ்கிறது. அது கெட்டியாகிவிட்டால், நிறுத்தியபின் குழாயின் சரிவான பக்கத்து நாசில்கள் எல்லாம் சொட்டத் தொடங்கும். அமைத்துக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டபோது, “உங்க தண்ணிதான் சார் சரியில்லை” என்றார்கள். இந்த வட்டாரத்தில் எந்தப் போரில் தண்ணீர் சரியாக இருக்கிறது என்பதையும், விற்பதற்கு முன் அதைச் சோதிக்கச் சொல்லவேண்டியது யாருடைய வேலை என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. தண்ணீர் நல்லதாக இருந்தால் இந்தக் கருவி நன்றாகவே உழைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மழைநீரை மட்டும் பயன்படுத்தும் ஒரு பக்கத்துத் தோட்டத்தில் அதே வகை நாசில்கள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது என் எரிச்சலைக் கூட்டத்தான் செய்தது.

பகல் வெப்பத்துக்காக இவ்வளவு செலவழித்த பிறகுதான், குடைமிளகாய்க்கு உண்மையான ஆபத்து விடியற்காலை ஈரம் என்பது புரியத் தொடங்குகிறது. டிசம்பர் இரவில் வானம் தெளிவாக இருந்தால் பாலித்தீன் தாள் வெப்பத்தை வெளியே கதிர்வீசிவிட்டு உள்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மாலையில் மூடப்பட்ட குடிலுக்குள் 25 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்த காற்று, 21 டிகிரிக்குச் சற்று மேலேயே, ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையை எட்டிவிடும். ஓசூர் இரவோ அதற்கும் வெகு கீழே இறங்கும். அப்போது தாளின் உட்புறம் வியர்த்து, துளிகள் இலைமேல் விழுகின்றன. விடிந்ததும் இன்னொரு கூத்து: வெயில் பட்டவுடன் இலைகள் நீராவியை வெளியிட, காற்று விரைவில் சூடாகிறது, ஆனால் கனமான பழம் இரவுக் குளிரிலேயே இருப்பதால் அதன் தோலில் நீர் படிகிறது. பூசணத்துக்கும் பழப்பிளவுக்கும் இதைவிட வசதியான நேரம் கிடையாது. அத்துடன், ஈரம் பகலிலும் தங்கி இலைகளின் நீராவிப்போக்கு மந்தமானால் சுண்ணாம்புச்சத்தும் போகவேண்டிய இடத்துக்குப் போதிய அளவு போவதில்லை; பழத்தின் அடி கறுத்து அழுகும் அடியழுகலுக்கு உரக்கடையில் மருந்து தேடுபவர்கள் முதலில் தங்கள் ஈரமானியைப் பார்க்கலாம்.

இதற்கு மருந்து, மதிப்பீட்டுத் தாளில் யாரும் கவனிக்காத பக்கத்திரைச் சுழற்று கைப்பிடி. குடிலிலேயே மலிவான உறுப்பு அது. நான் எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்ததும் அதுதான். சூரியன் இறங்குவதற்கு முன், உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போதே, திரைகளைத் திறந்து ஈரக்காற்றை வெளியே விட்டுவிட்டுப் பிறகு மூடவேண்டும். சிறிது வெப்பம் போகும்தான், போகட்டும். விடியலில், வெயில் தாளில் படுவதற்கு முன்பே ஒரு கையகலம் திறந்தால், பழமும் காற்றும் ஒன்றாகச் சூடாகும். கடைசி நீர்ப்பாசனத்தை மதியத்துக்குள் முடிப்பதும் ஃபாகரை மூன்றரை மணிக்குமேல் தொடாமலிருப்பதும் இதன் தொடர்ச்சி. எங்கள் வீட்டில் இந்தக் கைப்பிடியை மிகச் சரியாகச் சுற்றுபவர் என் மனைவி. ஈரமானியைப் பார்க்காமலே, உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் படியும் ஆவியை வைத்து முடிவெடுப்பார். கருவி காட்டும் எண்ணைவிட அந்தக் கண்ணாடி எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் ஃபாகரோடு வந்த மின்னணு ஈரமானி, நனைந்து நனைந்து, சில மாதங்களிலேயே எப்போதும் 90-க்கு மேல் காட்டத் தொடங்கிவிட்டது. இப்போது இரண்டு சாதாரண வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரப்பஞ்சு சுற்றி, வெயில் படாத வெள்ளைப் பெட்டியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று 35, மற்றொன்று 25 என்றால் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது என்று பொருள். அட்டவணை ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது.

பூச்சிவலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலைப்பேன் பயத்தில் நெருக்கமான வலை போடச் சொல்லி நண்பருக்குப் பலர் அறிவுரை சொல்வார்கள். வலை நெருங்க நெருங்கக் காற்று குறையும். போதாததற்கு மண் சாலையோரம் என்றால் தூசி படிந்து பாதிக் கண்கள் அடைபட்டுவிடும். மழைக்கு முந்தைய மாதங்களில் வலையை உயர் அழுத்த நீரால் கழுவினால், ஒரு ரூபாய் மின்சாரமும் ஃபாகரும் இல்லாமல் உள்வெப்பம் குறைவது தெரியும். நெருக்கமான வலைதான் வேண்டுமென்றால் காற்றுத் திறப்பின் பரப்பையும் குடிலின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். அந்தப் பணத்தில் கூரைத் தாழ்வாரத்தை அரை மீட்டர் உயர்த்துங்கள், எல்லாப் பக்கங்களிலும் நல்ல கைப்பிடிகள் வையுங்கள், மிச்சத்தில் மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். உங்கள் 2000 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே 20,000 லிட்டர் வாய்க்காலில் ஓடிவிடுகிறது. தொட்டி நிறைந்து, கோடையில் பூ உதிர்வது அப்போதும் நிற்கவில்லை என்றால் ஃபாகரைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். குழாய் தொங்கவிடக் கம்பி மட்டும் இப்போதே கட்டச் சொல்லுங்கள். என் குடிலில் இருப்பதைக் கழற்றிவிட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை, மார்ச்சுக்குள் வந்துவிட வேண்டும் என்று புதிய டயஃப்ராம்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.