படைவீரனின் விடுப்புக்கு விமானச்சீட்டு: சான் பியேரில் ஒரு பயண முகவரகம்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சான் பியேர் நகரில் உள்ள ஒரு சிறிய பயண முகவரகத்தில், பிரெஞ்சுப் படையில் பணிபுரியும் என் மகனுக்கு மூன்று ஆண்டுகளாக விமானச்சீட்டு எடுத்து வருகிறேன். பிள்ளையைப் படைக்கு அனுப்பிய ரீயூனியன் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், அங்கு கண்ட நிறைகுறைகளை எழுதுகிறேன்.

அவன் முதலில் இந்தத் தீவிலேயே, இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் ஆர்.எஸ்.எம்.ஏ. படைப்பிரிவில் தொழில் கற்றபோது விடுப்பு எங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. வார இறுதியில் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து, துவைத்த துணியோடு திரும்புவான். பிரான்சில் காலாட்படையில் சேர்ந்தபின், முதல் 12 வாரப் பொதுப் பயிற்சியின்போது வீட்டுக்கு வரும் பேச்சே எழவில்லை. அதன்பின் ஆண்டுக்கு 45 நாள் 'பெர்மிசியோன்' (படை விடுப்பு) உண்டு என்றாலும், அது எப்போது கிடைக்கும் என்பது பிரிவின் பணி அட்டவணையைப் பொறுத்தது. பயங்கரவாதத் தாக்குதல்களைத் தடுக்க பிரான்சுக்குள் 2015 முதல் நடந்துவரும் சென்தினேல் காவல் பணிக்கு முறை வந்துவிட்டால், கேட்ட தேதி தள்ளிப்போகும். தேதி மாற்ற இயலாது என்பதைக் கவனியாமல் நான் இணையத்தில் மலிவாக வாங்கிய முதல் சீட்டு அப்படித்தான் வீணாயிற்று.

முகவரகத்தில் இருந்த அம்மையார் விலையைச் சொல்லுமுன், "விடுப்புத் தாளில் கையெழுத்து ஆகிவிட்டதா, விண்ணப்பித்திருக்கிறாரா?" என்று கேட்டார். படைவீரர் குடும்பங்களைப் பார்த்துப் பழகியவர் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது. கையெழுத்து வரும்வரை இருக்கையைச் சில நாள் பிடித்து வைத்தார். தேதி மாற்றக்கூடிய சீட்டையே வாங்கச் சொன்னார். விலை கூடுதல்தான். ஆனால், விடுப்பில் இருப்பவரையும் தேவைப்பட்டால் படை திரும்ப அழைக்கலாம் என்ற நிலையில், அந்தக் கூடுதல் பணத்தை நான் செலவாகக் கருதவில்லை.

குறைகளும் உண்டு. பாரிஸ் விமான நிலையத்துக்கு வருவதற்கான தொடருந்துச் சீட்டையும் சேர்த்து முழுக் கட்டணத்தில் விற்றுவிட்டார்கள். படை அட்டையைக் காட்டினால் 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதை மகன் சொன்ன பிறகே அறிந்தேன். படைவீரருக்கான பயணம் என்று தெரிந்தே விற்றவர்கள் இதைச் சொல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது.

பெரிய குறை 2024 ஜனவரியில் தெரிந்தது. அந்த மாதம் 25ஆம் தேதி தைப்பூசம். காவடி எடுப்பதற்காகப் பத்து நாள் விரதத்தைக் கோயிலிலேயே தொடங்க வேண்டும் என்று மகன் 15ஆம் தேதி வந்து இறங்குவதாக இருந்தான். அன்றுதான் பெலால் புயல் தீவைத் தாக்கியது. இங்குள்ள ரோலான் கரோஸ் விமான நிலையம் மூடப்பட்டிருந்தது. புயலுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் புயல் கடந்து கடைகள் திறந்த பின்னும் முகவரகத்தின் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. பாரிசில் காத்திருந்த மகனே விமான நிறுவனத்தோடு பேசித் தேதியை மாற்றிக்கொண்டான். விடுப்பில் மூன்று நாள் அங்கேயே கழிந்தது, விரதத்தையும் உறவினர் வீட்டில்தான் தொடங்கினான். தேதி மாற்றக்கூடிய சீட்டாக இருந்ததால் கூடுதல் கட்டணம் ஏதும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த தைப்பூசத்துக்கும் அங்கேயே இருக்கை பிடித்து வைத்திருக்கிறேன், தொடருந்துச் சீட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு. மகனின் தாளில் கையெழுத்து வந்ததும் பணம் கட்ட வேண்டும்.